ஆண்டி கார்பெண்டரை எப்படிப் படிப்பது: ஓய்வுபெற்ற கோர்ட் டைப்பிஸ்டின் யோசனைகள்

பெயர் ஆண்டி. கையிருப்போ இரண்டு கோடியே இருபது லட்சம் டாலர். வளர்க்கும் நாயின் பெயர் தாரா. எங்கள் நாகர்கோவில் பக்கம் தாரா என்றால் வாத்து. கோடீஸ்வர ஆண்டி ஒருவர் தினமும் காலையில் வாத்தைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறார் என்று படித்து நான் தனியாகச் சிரித்தேன். இந்தச் சிரிப்பு அமெரிக்க வாசகர் யாருக்கும் கிடைத்திருக்காது. நமக்கு மட்டும் வாய்த்த உபரி.

டேவிட் ரோசன்ஃபெல்ட் எழுதும் ஆண்டி கார்பெண்டர் நாவல்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரத்தில் கிரிமினல் வக்கீல். வேலை செய்யப் பிடிக்காது. கட்சிக்காரர்கள் வந்தால் எரிச்சல். நாய் என்றால் உயிர். யாராவது கொலைப்பழியில் மாட்டிக்கொண்டு, அவர்கள் பக்கத்தில் ஒரு நாயும் நின்றுவிட்டால் போதும், முனகிக்கொண்டே வக்காலத்து போட்டுவிடுவார். 2002-இல் முதல் நாவல் வந்தது. இன்றைக்கு முப்பதை எட்டிவிட்டன. அத்தனை நாவலையும் பார்த்து மலைத்துப்போய் மூடிவைத்துவிடுகிறவர்களுக்காகவும், முதல் இருபது பக்கத்தில் 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் 28 வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். கொலை, கொள்ளை, வரதட்சணைக் கொடுமை எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்க நியூ ஜெர்சி போனபோது, வெளியே பனி கொட்டிய ஒரு ஜனவரியில், அவள் நூலக அட்டையில் எடுத்துவந்த புத்தகத்தில் தொடங்கியது இந்தப் பழக்கம்.

முதலில் எதை எடுப்பது? மகள் கொண்டுவந்தது ஒரு கிறிஸ்துமஸ் நாவல். அட்டையில் பனித்தொப்பி போட்ட நாய்க்குட்டி. தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். ரோசன்ஃபெல்ட் சில வருடங்களாக ஆண்டுக்கு இரண்டு நாவல் எழுதுகிறார், அதில் ஒன்று கிறிஸ்துமஸ் சமயத்துக்கு என்றே வரும். அவை எல்லோரையும் ஏற்கெனவே அறிந்தவர்களுக்கான பலகாரத் தட்டு. புதியவருக்கு இவர் யார், அவர் ஏன் இப்படி உறுமுகிறார், பாரில் பீர் குடித்துவிட்டுக் கணக்கை ஏன் ஆண்டி தலையில் எழுதுகிறார்கள் என்று ஒன்றும் புரியாது. கல்யாண வீட்டுக்கு நாலாம் நாள் போய் நின்றதுபோல இருக்கும்.

முதல் நாவலான 'ஓபன் அண்ட் ஷட்'டில் தொடங்குங்கள். விசாரிக்கவே தேவையில்லாத அளவுக்குத் தெளிவான வழக்கை ஆங்கில வக்கீல்கள் அப்படிச் சொல்வார்கள். தலைப்பே ஒரு நக்கல்தான், ஏனென்றால் வழக்கு அப்படி ஒன்றும் தெளிவாக இல்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் கிடக்கும் வில்லி மில்லர் என்பவருக்கு மறு விசாரணை. முன்பு அவரைத் தண்டிக்க வைத்த அரசு வழக்கறிஞர் வேறு யாருமல்ல, ஆண்டியின் அப்பா. அந்த அப்பாவே மகனைக் கூப்பிட்டு இந்த வழக்கை எடு என்கிறார். பிறகு அப்பா இறந்துபோக, நேர்மைக்குப் பெயர்போன அந்த மனிதரின் கணக்கில் யாருக்கும் தெரியாமல் அந்த இரண்டு கோடியே இருபது லட்சம் கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் எனக்குப் பாவம் பிடிக்கும். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் தரும் எட்கர் விருதுக்கு, சிறந்த முதல் நாவல் பிரிவில் இந்தப் புத்தகம் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது.

படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நியூ ஜெர்சி 2007 டிசம்பரில் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. 1963-க்குப் பிறகு அங்கே யாரையும் தண்டனையாகக் கொன்றதும் இல்லை. ஆனால் 2002-இல் சட்டம் உயிரோடுதான் இருந்தது. ஆகவே ஆரம்ப நாவல்களில் வரும் அந்தப் பயம் நிஜம். பின்னால் வரும் நாவல்களில் ஆயுள் தண்டனைதான் பயமுறுத்தும்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கோர்ட்டில் சாட்சியம் எப்படிப் பதிவாகும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வக்கீல் கேள்வி கேட்பார், சாட்சி பதில் சொல்வார், நீதிபதி இரண்டையும் பிசைந்து ஒரே வாக்கியமாக்கி எங்களுக்குச் சொல்வார். நாங்கள் தட்டுவோம். குறுக்கு விசாரணை என்றால் இப்படி இருக்கும்: 'சம்பவ நேரத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரியல்ல. எதிரியை எனக்கு முன்பே தெரியும் என்றால் சரிதான். போலீசார் சொல்லிக்கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.' எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், பகையாளி அல்ல. 28 வருடம் 'என்றால் சரியல்ல, என்றால் சரியல்ல' என்று அடித்து அடித்து, ஒருநாள் வீட்டுக்காரர் 'சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதோ' என்று கேட்டதற்கு 'உப்பு கூடிவிட்டது என்றால் சரியல்ல' என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தேங்காய்த் திருட்டு வழக்கு ஞாபகம் இருக்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் வயதானவர், குரல் எழும்பாது. சாட்சியிடம் கேட்டார்.

'அன்றைக்கு ராத்திரி நாய் குரைத்ததா?'
'குரைத்தது.'
'எத்தனை மணிக்கு?'
'சரியாகப் பதினொன்றரை.'
'நாய் குரைத்ததும் எழுந்து மணி பார்த்தீர்களாக்கும்?'
'ஆமாம்.'
'அந்த நாய் தினமும் குரைக்குமா?'
'தினமும் குரைக்கும் ஐயா, உயிரை வாங்கும்.'
'தினமும் மணி பார்ப்பீர்களா?'

சாட்சி வாயைத் திறந்து மூடினார். டவாலி சிரித்தார், நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அடித்தது என்ன தெரியுமா? 'நாய் தினமும் குரைக்கும். நான் தினமும் மணி பார்ப்பதில்லை.' அவ்வளவுதான். அந்தக் கிழவர் வலை பின்னியது, சாட்சி தானாக நடந்துவந்து விழுந்தது எல்லாம் போயே போயிற்று. கேள்வி செத்துப் பதில் மட்டும் காகிதத்தில் ஏறியது. விருப்பப்பட்டால் ஏதாவது ஒரு பகுதியைக் கேள்வி பதிலாகவே பதிவு செய்ய நீதிபதிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்து என்ன, கோப்பு குவிந்து கிடக்கையில் யாருக்கு நேரம்?

அமெரிக்கக் கோர்ட்டில் ஒருவர் சுருக்கெழுத்து இயந்திரத்தை வைத்துக்கொண்டு பேசிய ஒவ்வொரு சொல்லையும் அப்படியே பதிவு செய்வார். ஆண்டி கார்பெண்டர் நாவல்களில் விசாரணைப் பகுதிகள் அந்த வடிவில்தான் வருகின்றன, கேள்வியும் பதிலும் மாறி மாறி. நான் பறிகொடுத்த கேள்விகளை யாரோ மூட்டை கட்டித் திருப்பி அனுப்பியதுபோல இருந்தது எனக்கு.

எனவே உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான வித்தை இது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டையாக இருந்தால் நல்லது. குறுக்கு விசாரணை வந்ததும் அதை எடுத்துப் பக்கத்தின் மேல் வையுங்கள். ஒரு கேள்வியை மட்டும் படியுங்கள். பதில் அட்டைக்கு அடியில் இருக்கட்டும். இந்த மனிதர் எங்கே போகிறார், அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசியுங்கள். பிறகு ஒரு வரி நகர்த்துங்கள். முதல் இரண்டு கேள்விகள் சப்பென்று இருக்கும், வீட்டு விலாசம் விசாரிப்பதுபோல. மூன்றாவதில் ஒரு சொல் லேசாக உறுத்தும். ஐந்தாவதில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது வக்கீல்களுக்குப் பாலபாடம். ஆண்டி அந்தப் பாடத்தைக் காப்பாற்றுகிறாரா மீறுகிறாரா என்று பார்த்துக்கொண்டே போனால் பத்துப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

இந்த ரசனைக்கு ஜூரி என்றால் என்னவென்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரவைக்கும் பொதுமக்கள்தான் ஜூரி. நம்மிடமும் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் ஜூரியினர் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றார்கள். அதை ஏற்க முடியாது என்று செஷன்ஸ் நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை விழுந்தது. 1973-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது அதில் ஜூரிக்கே இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் அது இன்றும் உயிர்நாடி. கொலை வழக்கில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் தீர்ப்பு இல்லை. ஆகவே ஆண்டி பேசுவது நீதிபதியிடம் அல்ல. கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற டிரைவர் என்று பன்னிரண்டு சாதாரண மனிதர்களிடம். அவருடைய கிண்டலுக்கு நீதிபதி முறைப்பார். முறைக்கட்டும், ஜூரியில் யாராவது உதட்டைக் கடித்தார்களா என்பதே கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் படித்தால், 'கோர்ட்டில் இப்படியெல்லாம் வாயடிக்க விடுவார்களா' என்று என் வீட்டுக்காரர்போலக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே ஒரு விசாரணை தொடங்கினால் நாள் தவறாமல் நடந்து முடியும். வாய்தா என்ற நம் தேசியப் பண்டிகையை நாவலில் தேடாதீர்கள். மூன்று சாட்சியை ஒரே நாளில் விசாரித்து முடிக்கிற அத்தியாயத்தை நான் அறிவியல் புனைகதையாகத்தான் படித்தேன்.

நாய்ப் பகுதிக்கும் கொஞ்சம் முன்னறிவு வேண்டும். இந்த நாவல்களில் காப்பகம் என்ற சொல் வரும்போதெல்லாம் ஆண்டி ஏன் இப்படிப் பதறுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. காப்பகம் நல்ல இடம்தானே? அமெரிக்காவில் உள்ளாட்சி நடத்தும் பல காப்பகங்களில் கூண்டுகள் குறைவு. வந்த நாயை யாரும் தத்தெடுக்க வரவில்லை என்றால், இடம் போதவில்லை என்றால், ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுண்டு. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு தெருநாயைப் பிடித்து, குடும்பக் கட்டுப்பாடு செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொதுவான முறை. எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செவலைக்குக் காதில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது, அந்த அறுவை முடிந்ததற்கு அடையாளம். அதனால் காப்பகத்து நாயும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் கைதிதான் என்பது நமக்குச் சட்டென்று உறைக்காது. உறைத்துவிட்டால் 'ப்ளே டெட்' நாவலின் தொடக்கம் உங்களை உலுக்கும். ஒருவரைக் கடித்ததற்காகச் சாவு விதிக்கப்பட்ட கோல்டன் ரெட்ரீவர் ஒன்றை ஆண்டி காப்பகத்தில் பார்க்கிறார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? நாய்க்காகக் கோர்ட்டுக்குப் போகிறார். அந்த நாயோ ஐந்து வருடம் முன்னால் ஒரு கொலையில் சேர்ந்து செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய நாய். நாய் உயிரோடு இருக்கிறது என்றால், அந்தக் கொலைக்காகச் சிறையில் இருப்பவரின் கதை என்ன? செத்ததுபோல் படு என்று நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாவல்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நான் நீட்டுவது இதைத்தான்.

எழுத்தாளருடைய சொந்த வாழ்க்கையும் இதிலிருந்து தூரமில்லை. ட்ரைஸ்டார் பிக்சர்ஸ் என்ற சினிமா நிறுவனத்தில் சந்தைப்படுத்தும் பிரிவின் தலைவராக இருந்தவர் ரோசன்ஃபெல்ட், பிறந்தது பேட்டர்சனில். அவரும் மனைவியும் சேர்ந்து தாரா அறக்கட்டளை என்று ஒன்றை நடத்திச் சுமார் 4,000 நாய்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனைவியிடம் இருந்த கோல்டன் ரெட்ரீவரின் பெயர்தான் தாரா. நாவலில் ஆண்டியும் அதே பெயரில் அறக்கட்டளை நடத்துகிறார். 2011-இல் கலிஃபோர்னியாவிலிருந்து மெய்ன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது, 25 நாய்களை, உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள மூன்று வீட்டு வண்டிகளில் ஏற்றி, பதினொரு பேர் உதவிக்கு வர, நாட்டைக் குறுக்காகக் கடந்தார்கள். இதைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார், 'டாக்ட்ரிப்பிங்' என்று. நாவல்களில் நாய்முடி ஒட்டாத சோபாவே ஏன் இல்லை என்பது அதைப் படித்தால் தெரியும்.

கூட வருகிறவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இவர்கள் வருகிற நாவலில் எல்லாம் அதே காரியத்தைத்தான் செய்வார்கள். சாம் என்ற கணக்காளர் கணினிக்குள் புகுந்து எதையும் எடுத்துத் தருவார், பேச்சுக்கு நடுவே பாட்டு வரிகளைச் செருகுவார். ஹைக் என்ற துணை வக்கீல் எல்லாவற்றிலும் அழிவையே காண்பார், மழை பெய்தால் வெள்ளம், வெயில் அடித்தால் புற்றுநோய். போலீஸ்காரர் பீட்டும் பத்திரிகை ஆசிரியர் வின்ஸும் சார்லிஸ் என்ற பாரில் ஆண்டி செலவில் குடிப்பார்கள். துப்பறிகிற மார்கஸ் மலைபோல இருப்பார், மலைபோலவே சாப்பிடுவார். அவர் உறுமுவது லாரிக்கு மட்டும் புரியும். லாரி என்றால் வண்டி இல்லை. முன்னாள் போலீஸ், ஆண்டியின் காதலி, பிறகு மனைவி, இருவரில் துணிச்சல்காரி. அடிதடி வந்தால் ஆண்டி இவர்கள் பின்னால் ஒளிந்துகொள்வார், அதை ஒளிக்காமலும் சொல்வார். தொடக்கத்தில் இவர்களின் சேட்டை புதிது. மூன்றாவதில் சலிக்கும், 'மறுபடியுமா' என்று தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாவதில் அதே சேட்டைக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள். நாடகத்தில் கோமாளி எப்போது நுழைவான் என்று பார்ப்பதில்லையா, அதுபோல.

எனக்கு மட்டும் எட்னாவிடம் தீராத தகராறு. ஆண்டி அலுவலகத்தில் செயலாளர். பழக்கடைக்கு மாடியில் அலுவலகம். அம்மையார் காலையில் வருவதே தயவு, வந்தால் குறுக்கெழுத்துப் போட்டி. தட்டச்சு செய்யச் சொன்னால் உலகம் இருண்டுவிடும். பிரசவ விடுப்பைத் தவிர நீண்ட விடுப்பு அறியாத நான், விரல் மூட்டு வீங்கியும் அடித்த நான், இந்த அம்மாளை எப்படி ரசிப்பது? ரசிக்கவில்லை. ஏழாவது நாவலில் அவர் குறுக்கெழுத்தில் ஒரு சொல்லைக் கேட்க, எனக்கு முந்திக்கொண்டு விடை தெரிந்துவிட்டது. அன்று கொஞ்சம் சமாதானமானோம்.

நடை எளிது. ஆண்டியே நிகழ்காலத்தில் பேசுவதாக எழுதியிருக்கிறார், அத்தியாயங்கள் நாலைந்து பக்கம். பள்ளியில் படித்த ஆங்கிலம் போதும். சிக்கல் இரண்டு இடத்தில்தான். ஒன்று, அவர் பெரும்பாலும் நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்வார். 'என் வீரத்துக்கு ஈடு இல்லை' என்றால் ஓடப்போகிறார் என்று அர்த்தம். நம் கிராமத்துப் பெரியம்மாக்கள் 'வா ராசா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டியே' என்பார்களே, அந்தத் தொனியை மனதில் ஓடவிட்டால் பிடிபட்டுவிடும். இரண்டாவது, விளையாட்டு. நியூயார்க் ஜயண்ட்ஸ், கூடைப்பந்து, பந்தயப் பணம் என்று பாராவாகப் போகும். தாண்டுங்கள். நான் தாண்டியதால் எந்தக் கொலையும் புரியாமல் போகவில்லை.

தலைப்புகளில் சொல் விளையாட்டு உண்டு. அதற்கு மட்டும் அகராதி வைத்துக்கொள்ளலாம். 'பரி த லீட்' என்பது பத்திரிகைக்காரர்களின் சொல், முக்கியமான செய்தியை எங்கோ உள்ளே புதைத்துவிடுவது. நாவலும் ஒரு நிருபரைப் பற்றியது. 'சாண்டாஸ் லிட்டில் யெல்பர்ஸ்' என்றால், கிறிஸ்துமஸ் தாத்தாவின் குட்டி உதவியாளர்களான ஹெல்பர்ஸை ஒரே எழுத்தில் கீச்சிடும் நாய்க்குட்டிகளாக மாற்றியிருக்கிறார்.

எது சுமார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வரும் நாவல்களில் ஆண்டி இல்லாத இடங்களில் வில்லன்கள் சந்தித்துச் சதி பேசும் குட்டி அத்தியாயங்கள் இருக்கும். சதி நாவலுக்கு நாவல் பெரிதாகிக்கொண்டே போகும். பேட்டர்சனில் ஒரு நாயைத் தொட்டால் உலகத்தின் மறுகோடியில் மணி அடிக்கும். இந்த இடங்களில் நான் வேகமாகக் கடந்துவிடுவேன், சாலையோரம் நாற்றமடிக்கும் இடத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதுபோல. முடிவும் சில சமயம் கோர்ட்டுக்கு வெளியே துப்பாக்கிச் சத்தத்தில் தீர்ந்துவிடும். நூறு பக்கம் பொறுமையாகக் கேள்வி கேட்ட மனிதருக்கு அது நியாயமில்லை என்பது என் கட்சி. யார் கொலையாளி என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் படித்தால் இரண்டு நாவலில் அலுத்துவிடும். கேள்விகளுக்காகப் படித்தால் முப்பதும் போதாது.

வரிசைப்படிதான் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் இரண்டை வரிசையாகப் படியுங்கள். இரண்டாவதான 'ஃபர்ஸ்ட் டிகிரி'யில் லாரியே கொலைக் குற்றச்சாட்டில் நிற்கிறார், ஆண்டி காதலிக்காக வாதாட வேண்டும். சொந்தக்காரருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் கை நடுக்கம் அதில் இருக்கிறது. முதல் நாவலின் தீர்ப்பை அடுத்தடுத்த நாவல்கள் கூச்சமில்லாமல் போட்டு உடைத்துவிடும் என்பதாலும் இந்த வரிசை தேவை. அதன்பிறகு கையில் கிடைத்ததை எடுக்கலாம். 2014-இல் வந்த 'ஹவுண்டட்' மட்டும் மற்ற பின்னாள் நாவல்களுக்கு முன்னால் வரட்டும். பாசெட் ஹவுண்ட் வகை நாய் ஒன்றும் ரிக்கி என்ற சிறுவனும் ஆண்டியின் வீட்டுக்குள் வருவது அதில்தான், பிறகு வீடே மாறிவிடுகிறது. தாராவுக்கு மட்டும் வயதே ஆகாது. இருபது வருடத்துக்கு மேலாக அதே சுறுசுறுப்போடு நடக்கிறாள். கணக்குப் பார்க்காதீர்கள். நாய் வளர்த்துப் பறிகொடுத்தவர்கள் யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

ஒன்று முடித்ததும் உடனே அடுத்ததை எடுக்காதீர்கள். நான் ஒருமுறை நாலு நாவலைத் தொடர்ந்து படித்து, எந்தப் பிணம் எந்தப் புத்தகத்தில் என்று குழம்பிப்போனேன். மாதம் ஒன்று என்பது நல்ல அளவு.

கண் ஒத்துழைக்காதவர்களுக்கு ஒலிநூல் இருக்கிறது. க்ரோவர் கார்ட்னர் என்பவர் வாசித்திருக்கிறார். குரலில் ஒரு அலுப்பு, ஒரு சாவகாசம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் வக்கீல்போலவே. நான் மீன் கழுவும்போது கேட்பேன். செவலை காலடியில் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தலை கிடைக்கும், எனக்குக் குறுக்கு விசாரணை கிடைக்கும். ஆனால் அட்டை வித்தை இதில் நடக்காது. கேள்வி வந்ததும் நிறுத்தும் பொத்தானை அமுக்கலாம் என்று பார்த்தால் கையெல்லாம் செதில்.

நியூ ஜெர்சியில் உறவு இருப்பவர்கள் பேட்டர்சனுக்கு ஒருமுறை போய்வாருங்கள். எடிசனில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து எங்களுக்கு முக்கால் மணி நேரம். நகரத்துக்கு நடுவிலேயே பஸேய்க் ஆறு 77 அடி கீழே விழுகிறது. இந்த அருவியின் வேகத்தில் ஆலைகளை ஓட்டலாம் என்று 1790-களில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் போட்ட திட்டத்தில் எழுந்த ஊர் இது. பின்னாளில் பட்டு நெசவால் பட்டு நகரம் என்றே பெயர் எடுத்தது. இன்று ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. வங்காளதேசக் கடையில் முருங்கைக்காய் கிடைத்தது, இரண்டு கட்டு வாங்கினேன். ஆண்டி தாராவைக் கூட்டிப்போகும் ஈஸ்ட்சைட் பூங்கா நிஜமாகவே இருக்கிறது. மரங்களுக்கடியில் ஒருவர் பழுப்பு நாயோடு போனார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அம்மா, போய்ப் பேசிவிடாதே' என்றாள்.

அதே ஊரில்தான் 1966-இல் ஒரு மதுக்கடையில் மூவர் சுட்டுக் கொல்லப்பட, ரூபின் கார்ட்டர் என்ற குத்துச்சண்டை வீரரும் அவருடைய நண்பரும் தண்டிக்கப்பட்டார்கள். மறு விசாரணையிலும் தண்டனைதான். 1985-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தத் தண்டனையை ரத்து செய்ய, கார்ட்டர் வெளியே வந்தார். முதல் நாவலில் வில்லி மில்லரின் வழக்கைப் படிக்கும்போது, இப்படியெல்லாம் நடக்குமா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குத் திரும்பியதும் 'ஓபன் அண்ட் ஷட்'டை எங்கள் கோர்ட்டில் முன்பு வாதாடிய பெரியவர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். தேங்காய் வழக்கில் நாயைப் பற்றிக் கேட்டவர்தான், இப்போது காதும் சரியாகக் கேட்பதில்லை. மூன்று வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 'இந்தக் கேள்விக்கு நான் ஆட்சேபணை சொல்லியிருப்பேன்.' 'சாட்சியை இங்கே விட்டிருக்கக் கூடாது.' 'நல்ல அடி.' ஓரிடத்தில் ஆண்டியின் கேள்வியை முழுவதும் அடித்துவிட்டுத் தன் கேள்வியை எழுதியிருந்தார். அட்டைக்குப் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு வரி: 'இரண்டாம் பாகம் உண்டென்றால் சரியா?'